கேளுங்கள், சொல்கிறோம்: ஸ்பிரே கன்னுக்கு எந்த ரெகுலேட்டர்?

பெயின்ட் அடிக்கும் கன், கம்ப்ரஸர், காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒரே இடத்தில் தந்திருக்கிறோம். பல கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருவதால், முதல் பதில் மட்டும் கொஞ்சம் நீளம்.

கேள்வி: புதிதாக எச்.வி.எல்.பி. (அதிகக் காற்று, குறைந்த அழுத்தம்) கன் வாங்கினேன். கன்னில் 29 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) என்று அச்சிட்டிருக்கிறது. 10 பார் வரை தாங்கும் என்று சொல்லி 1/4 இன்ச் ரெகுலேட்டர் ஒன்றையும் கொடுத்தார்கள். கேஜில் 30 வைத்துத்தான் அடிக்கிறேன். ஆனாலும் பூச்சு ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக நிற்கிறது. பழுது கன்னிலா, ரெகுலேட்டரிலா?

பதில்: அந்த 30ஐ ட்ரிக்கரை விட்டிருக்கும்போது பார்த்தீர்களா, இழுத்துப் பிடித்திருக்கும்போது பார்த்தீர்களா? பழுது எங்கே என்பது இதில்தான் இருக்கிறது. காற்று ஓடாமல் நிற்கும்போது எந்த ரெகுலேட்டரும் 30 காட்டும். ட்ரிக்கரை இழுத்ததும் முள் எங்கே போய் நிற்கிறதோ, அதுதான் உங்கள் பெயின்ட்டை உடைத்துத் தூளாக்கும் அழுத்தம். அது 18க்கு இறங்கியிருந்தால் துளிகள் பெரிதாகத்தான் விழும், பூச்சும் ஆரஞ்சுத் தோலாகத்தான் நிற்கும்.

முள் ஏன் இறங்குகிறது? ரெகுலேட்டருக்குள் ஒரு ஸ்பிரிங் டயாஃப்ரம் என்னும் ரப்பர் தகட்டைக் கீழே அழுத்துகிறது, வெளியேறும் பக்கத்துக் காற்று அதை மேலே தள்ளுகிறது. ட்ரிக்கரை இழுத்தால் வெளியேறும் பக்கத்தில் அழுத்தம் குறையும், ஸ்பிரிங் ஜெயிக்கும், வால்வு திறக்கும். வால்வு அதிகம் திறக்க வேண்டுமென்றால் ஸ்பிரிங் அதிகம் நீள வேண்டும். நீண்ட ஸ்பிரிங்குக்குத் தள்ளும் பலம் குறைவு. ஆகவே எவ்வளவு அதிகக் காற்று ஓடுகிறதோ, அவ்வளவு குறைவான அழுத்தத்தில்தான் ரெகுலேட்டர் நிலைகொள்ளும். இந்தச் சரிவு எல்லா ரெகுலேட்டரிலும் உண்டு. சின்ன வால்வு, சின்ன டயாஃப்ரம் கொண்டதில் அதிகம்.

10 பார் என்பது ரெகுலேட்டர் தாங்கும் அழுத்தம். அது எவ்வளவு காற்றைக் கடத்தும் என்பது வேறு கணக்கு. எச்.வி.எல்.பி. கன் குறைந்த அழுத்தத்தில் வேலை செய்தாலும் காற்றைக் குடிப்பதில் பெரிய வயிறு: பொதுவாக 8 முதல் 15 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று), சில கன்கள் அதற்கும் மேல். கன்னோடு வந்த தாளில் உங்கள் கன்னின் அளவு இருக்கும்.

ரெகுலேட்டரின் கேட்டலாக்கில் எழுதியிருக்கும் சி.எஃப்.எம்.மை அப்படியே நம்பிவிடாதீர்கள். உள்ளே 7 பார், வெளியே 6.3 பார், ஓடும்போது 1 பார் வரை சரியலாம் என்பது போன்ற நிபந்தனையில் அளந்த எண்ணாகத்தான் பெரும்பாலும் அது இருக்கும். நட்டு கழற்றும் ஏர் துப்பாக்கிக்கு 1 பார் சரிவு பெரிய விஷயமில்லை. உங்களுக்கு 1 பார் என்றால் 14.5 பி.எஸ்.ஐ., அதாவது கன் கேட்கும் அழுத்தத்தில் பாதி போய்விடும். மேலும், 2 பாரில் செட் செய்த ரெகுலேட்டர் 6 பாரில் செட் செய்ததைவிடக் குறைவான காற்றைத்தான் சரியாமல் தரும். அதனால் கன் கேட்கும் சி.எஃப்.எம்.மைப் போல் இரண்டு மடங்காவது எழுதியிருக்கும் ரெகுலேட்டரை எடுங்கள். 12 சி.எஃப்.எம். கன்னுக்கு 25க்குக் குறைந்து போக வேண்டாம். ஓட்டை அளவில் சொன்னால், எச்.வி.எல்.பி.க்கு 3/8 இன்ச். 1/4 இன்ச் பாடி போதாது. 1/2 இன்ச் பாடியில் தவறில்லை, கனம்தான் கூடும்.

ஆனால் புதிது வாங்கும் முன் ஒரு சோதனை. டேங்கை நிரப்பி, கன்னில் பெயின்ட் இல்லாமல், ட்ரிக்கரை முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணுங்கள். கம்ப்ரஸர் டேங்க், ரெகுலேட்டர், கன்னின் கைப்பிடி ஆகிய மூன்று இடத்து கேஜையும் பாருங்கள். கன்னில் கேஜ் இல்லையென்றால் கைப்பிடிக்குக் கீழே தற்காலிகமாக ஒன்றை முறுக்கிக்கொள்ளலாம்.

டேங்க் முள் அசையாமல் ரெகுலேட்டர் முள் மட்டும் சட்டென்று விழுந்தால், ரெகுலேட்டர் சின்னது அல்லது அதற்கு முன்னால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. ரெகுலேட்டர் முள் நின்று, கன் கேஜ் மட்டும் விழுந்தால் ரெகுலேட்டர் நிரபராதி. ஹோஸையும், அதை இணைக்கும் கப்ளரையும் பாருங்கள். டேங்க் முள்ளே கடகடவென்று இறங்கினால் கம்ப்ரஸர் போதவில்லை. இந்த மூன்றையும் பார்க்காமல் ரெகுலேட்டரை மாற்றிக்கொண்டே போவது வீண் செலவு.

கேள்வி: ஹோஸ் அவ்வளவு முக்கியமா? 25 அடி 1/4 இன்ச் சுருள் ஹோஸ் வைத்திருக்கிறேன்.

பதில்: டயருக்குக் காற்றடிக்க வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண கன் ஒன்றை 40 பி.எஸ்.ஐ.யில் ஓட்டினால், 25 அடி 1/4 இன்ச் ஹோஸ் ஏறக்குறைய 12 பி.எஸ்.ஐ.யைத் தின்றுவிடும். அதே நீளத்தில் 5/16 இன்ச் என்றால் ஏறக்குறைய 4தான். விட்டத்தில் 1/16 இன்ச் வித்தியாசம் செய்யும் வேலை இது. எச்.வி.எல்.பி.க்கு 3/8 இன்ச், அதாவது 10 மி.மீ. உள்விட்டம் போடுங்கள். வெளிவிட்டத்தைச் சொல்லி விற்பார்கள். உள்விட்டம் கேட்டு வாங்குங்கள்.

கப்ளரும் அப்படியே. சாதாரண கம்ப்ரஸர் கப்ளரின் நிப்பிளைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஓட்டை ஹோஸின் உள்விட்டத்தைவிடச் சிறிதாகத்தான் இருக்கும். 3/8 ஹோஸைப் போட்டுவிட்டு நுனியில் அந்த ஓட்டை வைத்தால் என்ன பயன்? அதிகக் காற்று செல்லும் வகைக் கப்ளர் தனியாக உண்டு.

கேள்வி: கன்னின் அடியில் மாட்டும் சின்னத் திருகும் கேஜும் சேர்ந்த பொருளை ரெகுலேட்டர் என்கிறார்கள். அது போதுமா?

பதில்: அதில் பெரும்பாலானவை ரெகுலேட்டரே அல்ல, வெறும் ஊசி வால்வு. குழாயைப் பாதி மூடுவதற்குச் சமம். காற்று ஓடும்போது அழுத்தம் குறையும். ட்ரிக்கரை விட்டதும் ஹோஸில் உள்ள முழு அழுத்தமும் கன்னுக்குள் வந்து நிற்கும். அடுத்த முறை இழுக்கும்போது முதல் நொடியில் 'புஸ்' என்று அதிக அழுத்தத்தில் அடித்து, பிறகுதான் அடங்கும். கதவு விளிம்பில் தொடங்கும் ஒவ்வொரு வீச்சிலும் வறண்ட தூள் விழுந்திருந்தால் இதுதான் காரணம். லைனில் அழுத்தம் ஏறி இறங்கினால் அதற்கேற்பக் கன்னிலும் ஏறி இறங்கும்.

சோதிப்பது எளிது. ட்ரிக்கரை இழுத்து 25 வையுங்கள், பிறகு விடுங்கள். முள் ஓரிரண்டு பி.எஸ்.ஐ. மட்டும் ஏறி நின்றால் உள்ளே டயாஃப்ரம் இருக்கிறது. லைன் அழுத்தத்துக்கே எகிறினால் ஊசி வால்வு. சுவரில் நல்ல ரெகுலேட்டர் இருந்து, கைப்பக்கத்தில் 2, 3 பி.எஸ்.ஐ. நுணுக்கமாகக் குறைக்க மட்டும் இதை வைத்துக்கொண்டால் தப்பில்லை. அதிலுள்ள கேஜ் பயனுள்ளது, திருகை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு கேஜை மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. அதையே நாங்களும் பரிந்துரைப்போம்.

கேள்வி: பார், பி.எஸ்.ஐ., கிலோ என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு. எதை எதற்குச் சமமாக வைப்பது?

பதில்: 1 பார் 14.5 பி.எஸ்.ஐ. மெக்கானிக்குகள் 'கிலோ' என்று சொல்வது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ, அது 14.2 பி.எஸ்.ஐ. கன் வேலைக்கு இரண்டையும் ஒன்றென்றே வைத்துக்கொள்ளலாம். 1 சி.எஃப்.எம். நிமிடத்துக்கு 28.3 லிட்டர்.

கேள்வி: எந்தக் கன்னுக்கு எத்தனை பி.எஸ்.ஐ.? கேஜ் எந்த அளவு வரை உள்ளதை வாங்குவது?

பதில்: எச்.வி.எல்.பி. என்பதற்கான வரையறையே ஏர் கேப்பில் (கன்னின் முனையில் காற்று வெளிவரும் மூடியில்) 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக் கூடாது என்பதுதான். ஏர் கேப்பில் 10 வர, கைப்பிடியில் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது கன்னுக்குக் கன் மாறும், பெரும்பாலும் 20 முதல் 30க்குள் இருக்கும். பழைய வகை சாதாரண கன்களுக்கு 40 முதல் 50, சிலவற்றுக்கு 60 வரை. ஏர்பிரஷ் 15 முதல் 30க்குள் அடங்கிவிடும், காற்றும் 1 சி.எஃப்.எம்.முக்குள்தான்.

இவை தொடங்கும் எண்கள்தான். கெட்டியான பிரைமருக்கும் நீர்த்த கிளியருக்கும் ஒரே எண் வராது. முதலில் தின்னர் விகிதத்தைப் பெயின்ட் டப்பாவில் சொன்னபடி சரி செய்துகொள்ளுங்கள். பிறகு 15 பி.எஸ்.ஐ.யில் ஆரம்பித்து, செங்குத்தாக ஒட்டிய காகிதத்தில் ஒரு நொடி அடிப்பதும், 5 ஏற்றி மறுபடி அடிப்பதுமாகப் போங்கள். துளிகள் நடுவிலும் ஓரத்திலும் ஒரே பொடியாக எந்த இடத்தில் வருகிறதோ அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் ஏற்றினால் பூச்சு மேம்படாது. பெயின்ட் பலகையில் படாமல் புகையாகப் பறக்கும், பட்டதும் வறண்டு சொரசொரக்கும். காகிதத்தில் விழும் படம் நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்தால் காற்று குறைவு. நடுவில் மெலிந்து இரண்டு முனையிலும் குண்டாக, உடற்பயிற்சிக் குண்டுக்கட்டை போல வந்தால் காற்று அதிகம் அல்லது பெயின்ட் குறைவு.

அழுத்தத்தைக் குறைத்து வைக்கும்போது ஒரு பழக்கம் வேண்டும். 40லிருந்து 28க்கு வர வேண்டுமென்றால், 20க்கு இறக்கிவிட்டு, பிறகு 28க்கு ஏற்றுங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் டயாஃப்ரமும் ஸ்பிரிங்கும் உரசலில் தங்கி, ஐந்து நிமிடம் கழித்து முள் தானாக நகரும். ஏற்றி நிறுத்தினால் நின்ற இடத்தில் நிற்கும்.

கேஜைப் பொறுத்தவரை, வேலை செய்யும் அழுத்தம் முகப்பின் நடுப்பகுதியில் விழ வேண்டும். 25ல் வேலை செய்யும் கன்னுக்கு 0-60 கேஜ். 0-160 கேஜில் 25க்கும் 28க்கும் உள்ள வித்தியாசம் முள்ளின் தடிமனுக்குள் மறைந்துவிடும். ரெகுலேட்டரின் ஸ்பிரிங்கும் அப்படித்தான்: அதே பாடியில் 0-4 பார், 0-10 பார் என்று தனித்தனி ஸ்பிரிங் வைத்து விற்பார்கள். எச்.வி.எல்.பி.க்கு 0-4 பார் கேட்டு வாங்கினால், குமிழை ஒரு சுற்று திருப்பும்போது அழுத்தம் மெல்ல ஏறும். 0-10ல் தொட்டாலே தாவும். 0-60 கேஜ் மாட்டியிருக்கும்போது மட்டும் குமிழை முழுக்கத் தளர்த்திவிட்டுத்தான் லைன் வால்வைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் நாளே முள் வளைந்துவிடும்.

கேள்வி: டயாஃப்ரம், பிஸ்டன் என்று இரண்டு வகை சொல்கிறார்கள். 'ரிலீவிங்' என்றும் ஒன்று இருக்கிறதாம்.

பதில்: பெயின்ட்டுக்கு டயாஃப்ரம். ரப்பர் தகடு என்பதால் சின்ன மாற்றத்துக்கும் உடனே அசையும். பிஸ்டனில் ரப்பர் வளையத்தின் உரசல் இருக்கிறது, அது விடுபட ஓரிரண்டு பி.எஸ்.ஐ. வித்தியாசம் தேவைப்படும். முரட்டு வேலைக்கு நீண்ட நாள் உழைப்பது பிஸ்டன்தான், பூச்சு வேலைக்கு அந்தத் தயக்கம் ஆகாது.

ரிலீவிங் வகையில், குமிழைக் குறைத்தால் வெளியேறும் பக்கம் தங்கிய அதிக அழுத்தம் மேல்மூடியின் சின்ன ஓட்டை வழியாக வெளியேறும். மற்றதில் நீங்கள் ட்ரிக்கரை இழுத்தால்தான் இறங்கும். ரிலீவிங் வாங்குங்கள்.

கேள்வி: ட்ரிக்கரைத் தொடாமல் வைத்திருந்தாலும் 30ல் வைத்த முள் மெல்ல மெல்ல 45க்குப் போகிறது. சில நாள் மேல்மூடியிலிருந்து 'ஸ்ஸ்' சத்தமும் வருகிறது.

பதில்: இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம். வால்வு உட்காரும் ரப்பர் முகத்தில் ஒரு துரும்பு சிக்கி, முழுக்க மூடாமல் காற்று கசிகிறது. கசிந்த காற்று கொஞ்சமாக இருக்கும்போது முள் ஏறுகிறது. அதிகமானதும் ரிலீவிங் ஓட்டை வழியாகச் சத்தத்தோடு வெளியேறுகிறது. துரும்பு என்பது பத்தில் பல முறை நாமே முறுக்கிய டெஃப்லான் டேப்பின் நூல்தான். டேப் சுற்றும்போது வெளிமரையின் நுனியில் முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். நுனியிலிருந்தே சுற்றினால் அந்த விளிம்பு அறுந்து உள்ளே போகும்.

லைன் வால்வை மூடி, ட்ரிக்கரை இழுத்து மிச்சக் காற்றை வெளியேற்றி, இரண்டு கேஜும் சுழியில் நிற்பதைப் பாருங்கள். குமிழை எதிர்ப்பக்கம் முழுக்கத் தளர்த்துங்கள். பிறகு அடிமூடியைத் திருகிக் கழற்றினால் சின்ன ஸ்பிரிங்கும் வால்வுத் தண்டும் கையில் வரும். ரப்பர் முகத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். வட்டமாக ஒரு பள்ளம் ஆழமாக விழுந்திருந்தால் துடைத்துப் பயனில்லை, வால்வு கிட்டை மாற்றுங்கள். பள்ளம் இல்லையென்றால் சோப்புத் தண்ணீரில் கழுவி, நூல் உதிராத துணியால் துடைத்து, காயவைத்து மாட்டலாம். வழவழப்புக்கு என்று சிலிக்கான் கிரீஸ் தடவிவிடாதீர்கள். அது காற்றோடு போய்ப் பூச்சில் மீன்கண் (பெயின்ட் விலகிய வட்டக் குழி) போடும், ஒரு வாரம் ஆனாலும் விடாது.

கழுவிய பிறகும் மேல்மூடியில் சத்தம் நிற்காவிட்டால் டயாஃப்ரம் கிழிந்திருக்கும்.

கேள்வி: ஃபில்டர், ரெகுலேட்டர், லூப்ரிகேட்டர் மூன்றும் சேர்ந்த செட் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? பூச்சில் நீர்க்கொப்புளமும் வருகிறது.

பதில்: லூப்ரிகேட்டர் காற்றில் எண்ணெய் கலந்து விடுவதற்கென்றே செய்த பொருள். பெயின்ட் லைனில் அது இருக்கவே கூடாது. கழற்றி ஓரமாக வைத்துவிட்டாலும், ஏற்கெனவே எண்ணெய் ஓடிய ஹோஸைப் பெயின்ட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

நீர் வருவது ஃபில்டர் மோசம் என்பதால் மட்டுமல்ல, அதை மாட்டிய இடத்தாலும்தான். கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்று சூடாக இருக்கும், அப்போது ஈரம் ஆவியாகவே இருக்கும். ஃபில்டரை டேங்கின் வாயிலேயே மாட்டினால் ஆவி அப்படியே தாண்டிப் போய், ஹோஸில் குளிர்ந்து அங்கே துளியாகும். டேங்குக்கும் ஃபில்டருக்கும் இடையில் 25 அடியாவது இரும்பு அல்லது தாமிரக் குழாய் இருக்கட்டும். குழாய் லேசாகச் சரிவாக ஓடட்டும், கிளைகளை அடியிலிருந்து எடுக்காமல் மேற்பக்கத்திலிருந்து எடுத்து வளைத்து இறக்குங்கள். அடியில் ஓடும் நீர் கிளைக்குள் வராது. பிறகு 5 மைக்ரான் ஃபில்டர், எண்ணெய் பிடிக்கும் 0.01 மைக்ரான் கோலசிங் ஃபில்டர், அதன் பின் ரெகுலேட்டர். ரெகுலேட்டரின் பாடியில் உள்ள அம்பு காற்று ஓடும் திசை. தலைகீழாக மாட்டினால் ரெகுலேட்டர் சொன்னபடி கேட்காது. டேங்கின் அடி வால்வை வேலை நாளில் ஒரு முறையாவது திறந்து நீரை விடுங்கள்.

ஃபில்டரின் கண்ணாடி போன்ற பவுல் உண்மையில் பாலிகார்பனேட். தின்னர் துணியால் அதைத் துடைத்தால் அப்போதைக்குப் பளிச்சென்று இருக்கும். பிறகு முடிமுடியாய்க் கீறல் விழுந்து, ஒரு நாள் அழுத்தத்தில் வெடிக்கும். சில செயற்கை கம்ப்ரஸர் எண்ணெய்களின் ஆவியும் அதை அரிக்கும். சோப்புத் தண்ணீர் மட்டும். பெயின்ட் அறைக்குள் வைப்பதென்றால் உலோகப் பவுல் அல்லது உலோகக் கூடு போட்டதை வாங்குங்கள்.

கேள்வி: ரெகுலேட்டர், ஹோஸ் எல்லாம் மாற்றிவிட்டேன். 2 எச்.பி. கம்ப்ரஸர், 50 லிட்டர் டேங்க். அரை நிமிடத்தில் காற்று ஓய்ந்துவிடுகிறது.

பதில்: கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டேங்க் 8 பாரிலிருந்து 5 பாருக்கு இறங்குவதற்குள் தரும் காற்று 50 × 3 = 150 லிட்டர். 12 சி.எஃப்.எம். கன் நிமிடத்துக்குக் குடிப்பது 340 லிட்டர். கம்ப்ரஸர் உண்மையில் 140 லிட்டர் தருகிறது என்று வைத்தால், நிமிடத்துக்கு 200 லிட்டர் பற்றாக்குறை. 150 லிட்டர் இருப்பு 45 நொடியில் தீரும். எந்த ரெகுலேட்டராலும் இல்லாத காற்றைத் தர முடியாது.

கம்ப்ரஸரின் தகட்டில் எழுதியிருக்கும் சி.எஃப்.எம். பிஸ்டனின் கொள்ளளவாக இருந்தால், வெளியே வருவது அதில் மூன்றில் ஒரு பங்காவது குறைவாக இருக்கும். வெளிவரும் அளவைத் தனியாகக் கேளுங்கள். இருப்பதை வைத்து வேலை நடக்க வேண்டுமானால், 5 சி.எஃப்.எம்.முக்குள் அடங்கும் எல்.வி.எல்.பி. (குறைந்த காற்று, குறைந்த அழுத்தம்) கன்னுக்கு மாறுங்கள். டேங்கை மட்டும் பெரிதாக்கினால் 45 நொடி 90 நொடியாகும், அவ்வளவே. பெரிய பேனல் அடிப்பவருக்கு அது தீர்வல்ல.

கேள்வி: இரண்டு ரெகுலேட்டர் வைத்தால் நல்லது என்கிறார்களே?

பதில்: நல்லதுதான். கம்ப்ரஸர் 120ல் நின்று 90ல் மறுபடி ஓடத் தொடங்குகிறது என்றால், ரெகுலேட்டருக்குள் வரும் அழுத்தம் ஓயாமல் ஏறி இறங்குகிறது. சாதாரண ரெகுலேட்டரில் உள்ளே வருவது குறைந்தால் வெளியே போவது சற்று ஏறும். பார்ப்பதற்கு விசித்திரம், ஆனால் அப்படித்தான். கம்ப்ரஸர் பக்கத்தில் ஒன்றை 80ல் வைத்து, பெயின்ட் அடிக்கும் இடத்தில் இரண்டாவதை வைத்தால் இரண்டாவதற்கு எப்போதும் 80தான் வரும். நீண்ட குழாயில் காற்று அதிக அழுத்தத்தில் பயணிப்பதால் வழியில் இழப்பும் குறையும்.

கேள்வி: பிரஷர் பாட்டுக்கு (காற்றழுத்தத்தில் பெயின்ட்டைக் கன்னுக்குத் தள்ளும் மூடிய பாத்திரத்துக்கு)?

பதில்: இரண்டு ரெகுலேட்டர் கட்டாயம். ஒன்று கன்னுக்குப் போகும் காற்றுக்கு, மற்றது பாட்டுக்குள் பெயின்ட்டைத் தள்ளும் காற்றுக்கு. பாட்டுக்கு 5 முதல் 15 பி.எஸ்.ஐ. போதும் என்பதால் 0-30 கேஜ், 0-2 பார் ஸ்பிரிங். காற்று ஓட்டம் மிகக் குறைவு, 1/4 இன்ச் பாடியே தாராளம். பெயின்ட் பின்னோக்கி ஏறி ரெகுலேட்டருக்குள் காய்ந்துவிடாமல் இருக்க, ரெகுலேட்டருக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு செக் வால்வு (ஒரு திசையில் மட்டும் காற்றை விடும் வால்வு) போடுங்கள். செக் வால்வு இருந்தால் குமிழைத் தளர்த்தினாலும் பாட்டுக்குள் உள்ள அழுத்தம் இறங்காது. மூடியில் உள்ள ரிலீஃப் வால்வை இழுத்து, கேஜ் சுழிக்கு வந்த பிறகே கிளாம்ப்பைத் தளர்த்த வேண்டும். அந்த ரிலீஃப் வால்வைக் கழற்றிவிட்டு பிளக் அடித்திருக்கும் பழைய பாட்டுகள் கண்ணில் படுவதுண்டு. அவற்றில் காற்று ஏற்றாதீர்கள்.

கேள்வி: ஏர்லெஸ் மெஷினின் ஹோஸில் இந்த ரெகுலேட்டரை மாட்டி அழுத்தத்தைக் குறைக்கலாமா?

பதில்: கூடாது. ஏர்லெஸ் ஹோஸில் ஓடுவது காற்றல்ல, 1500 முதல் 3000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் பெயின்ட். காற்று ரெகுலேட்டர் சிதறிவிடும். அந்த மெஷினிலேயே அழுத்தக் குமிழ் இருக்கிறது, அதைத் திருப்புங்கள். போதவில்லை என்றால் டிப்பை மாற்றுங்கள்.